வேதனை உண்டோ?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் இலக்கியமும் நாடகமும் கண்டு மகிழ வந்திருக்கும் உங்கள் முன்னே, நோயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது பொருந்துமா என்னும் ஐயம் எனக்கே உண்டு. செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசும் தகுதி எனக்கு இல்லையே" என்று தயங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தந்தையார் பணிக்காலத்திலேயே மறைந்தமையால் இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். "தெரிந்ததைப் பேசுங்கள்; அது போதும்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று பயணச்சீட்டு. மற்றொன்று, பல ஆண்டுகளாக என் தமக்கையாருடன் வாழ்ந்து வரும் புற்றுநோய். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

முன்பதிவு கவுண்டரின் கண்ணாடிக்கு உட்புறம் அமர்ந்திருப்பவனுக்கு வெளியே நிற்பவர்களின் முகத்தைக் காட்டிலும் கைகளே மிகுதியாகத் தெரியும். பணத்தை நீட்டும் கை, அடையாள அட்டையை நீட்டும் கை, அவசரத்தில் கண்ணாடியைத் தட்டும் கை. இவற்றுக்கிடையே நாள்தோறும் சில கைகள் ஒரு தாளை நான்காக மடித்து, எழுத்துள்ள பக்கம் உள்ளே இருக்குமாறு வைத்து, மெல்ல உள்ளே தள்ளும். "ஆஸ்பத்திரிச் சீட்டு சார்" என்று ஒரு குரல் தாழ்ந்து ஒலிக்கும். விரித்துப் பார்த்தால், அது புற்றுநோயாளருக்கான கட்டணச் சலுகைப் படிவமாக இருக்கும்.

இச்சலுகையைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். புற்றுநோயாளர் ஒருவர் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும்போது, மருத்துவமனை வழங்கும் சான்றிதழைக் காட்டினால், படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அவருக்கு முழுச் சலுகை உண்டு. உடன் செல்லும் துணைவருக்கு அவ்வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு சலுகை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொள்ளைநோயின் காரணமாகப் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும், நோயாளருக்கான சலுகை நிறுத்தப்படவில்லை.

சட்டம் துணைவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நோயுற்றவர் தனியே செல்லலாகாது என்னும் மனிதத்தன்மை அவ்விதியை வகுத்தவர்களுக்கு இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கவுண்டரில் அமர்ந்து பல ஆண்டுகள் பார்த்த பின்பு நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. நோய் புதிதாக இருக்கும்போது ஒரு நோயாளியைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள். கணவர், அண்ணன், மைத்துனர், ஊர்ப் பெரியவர் ஒருவர், தூக்குவாளியோடு ஒரு பெரியம்மா. இரண்டாம் ஆண்டில் இருவர் நிற்பார்கள். நான்காம் ஆண்டில் பள்ளிக்கூடத்து விடுமுறை நாளைப் பார்த்து ஒரு சிறுவன் துணைக்கு வருவான். ஏழாம் ஆண்டில் நோயாளி ஒருவரே வருவார். "துணை?" என்று கேட்டால், "யாருமில்லை சார், எனக்குத்தான் வழி தெரியுமே" என்பார். நோய் நீள நீளத் துணை குறுகுகிறது. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை யாவும் இதன் விரிவுரை.

நண்பர்களே! புற்றுநோய் நீண்டகால நோயாக ஆனதே ஒரு வகையில் மனித முயற்சியின் வெற்றிதான். 1923-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சகோதரி இந்நோயால் மறைந்தார். ஒரு மருத்துவராக இருந்தும் தம் உடன்பிறப்பைக் காக்க இயலாத அந்தத் துயரமே, பின்னாளில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக உருக்கொண்டது. 1954-ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் குடிசைகளில் அது தொடங்கியது. மறு ஆண்டில் அங்கே பணியேற்ற டாக்டர் சாந்தா அம்மையார், 2021-ஆம் ஆண்டில் மறையும் வரை அந்நிலையத்துக்கே தம் வாழ்வை ஈந்தார்.

நம் திருவனந்தபுரத்திலோ, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ஆம் ஆண்டில் மண்டலப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநராக விளங்கினார். இரயில்வேக்காரன் என்ற முறையில் இங்கே ஒரு பொருத்தத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது 1979-ல். நாகர்கோயிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பாதை இணைந்தது 1981-ல். மருத்துவமனை எழுந்த அதே ஆண்டில், நெல்லைச் சீமையிலிருந்து அதற்கு வரும் தண்டவாளமும் பூர்த்தியாயிற்று! திட்டமிட்டு நடந்ததன்று, எனினும் அன்று முதல் இன்று வரை நம் தென்மாவட்டத்து ஏழை மக்கள் எத்தனையோ பேர், மஞ்சள் பையில் மருத்துவச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, இரணியலையும் குழித்துறையையும் பாறசாலையையும் கடந்து இந்நகருக்கு வந்து இறங்குகிறார்கள்.

அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் செம்மைப்பட்டதால், இன்று பலர் முற்றும் குணமடைகின்றனர். வேறு பலருக்கு நோய் அறவே நீங்குவதுமில்லை, உயிரை உடனே கொண்டு செல்வதுமில்லை. சர்க்கரை நோயைப் போல ஆண்டுக்கணக்கில் உடனுறைந்து நிற்கிறது. உயிரைக் காக்கும் வழிகளை மருத்துவம் கண்டுபிடித்திருக்கிறது. அப்படிக் காக்கப்பட்ட உயிரோடு எப்படி உடன் வாழ்வது என்பதை உறவினராகிய நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நான் கற்றுக்கொள்ளாத விதத்தை இப்போது சொல்கிறேன்.

என் தமக்கையார் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மணமான நாள் முதல் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். 2014-ஆம் ஆண்டில் அவருக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிய வந்தது. வெட்கத்தால் அதை மறைத்து வைத்திருந்த மாதங்கள் பல. பிறகு இந்நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்து வந்தேன். அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்தேற்றுதல். அதற்கும் பின் கதிர்வீச்சு. மருந்தேற்றிய பின்பு என் குவார்ட்டர்ஸில் சில நாள் தங்குவார், உடம்பு சற்றே தேறியதும் ஊருக்குப் போவார், மீண்டும் வருவார்.

நோயின் பெயரை அவரிடம் சொல்லவேண்டாமென்று நானும் அத்தானும் முடிவு செய்தோம். "சாதாரணக் கட்டிதான் அக்கா, மறுபடி வராமல் இருக்க ஊசி போடுகிறார்கள்" என்றேன். சலுகைப் படிவத்தில் நோயின் பெயர் அச்சாகியிருக்கிறது அல்லவா? அதைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் கொடுத்தே சீட்டு எடுத்தேன். ஊராருக்கெல்லாம் சலுகைச் சீட்டு எழுதிக் கொடுப்பவன், உடன்பிறந்தவளுக்கு அதை எழுதவில்லை. அன்பின் பெயரால் செய்ததாகவே அப்போது எண்ணினேன்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள், என் சட்டையைத் துவைக்க எடுத்த தமக்கையார் அந்தப் படிவத்தைக் கண்டெடுத்தார். நான் பணி முடிந்து வீடு திரும்பியபோது அதை என் முன்னே நீட்டி, "எலே தம்பி, இது இருந்தா எனக்குத் துட்டே வாங்கமாட்டாங்களாமே? எதுக்குலே இத்தனை நாளா வெட்டியா குடுத்தே?" என்று கேட்டார்.

நான் வாயடைத்து நின்றேன். பிறகு தெரிந்தது, அவர் இரண்டாம் முறை மருத்துவமனைக்கு வந்தபோதே அறிந்திருக்கிறார் என்பது. வரிசையில் உடன் அமர்ந்திருந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். தீப்பெட்டியின் மீது ஒட்டும் சீட்டில் அச்சான ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பழகியவருக்கு, மருத்துவமனைப் பலகையின் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதும் அரிதாக இருக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சா நீ அழுவே. அதான் நான் தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டேன்" என்றார். தனக்குத் தெரியும் என்பதை எனக்குத் தெரியாமல் மறைக்க அவர் பட்ட பாடு, நோயின் பாட்டுக்கு மேல் ஒரு பாடு! ஒரே வீட்டில், ஒரே தட்டில் உண்டு, ஐந்து மாதம் இருவரும் தனித்தனியே அழுதிருக்கிறோம். இன்றைக்கும் எனக்கு வெட்கம் தருவது இது.

அதற்கும் மேலாக என்னை வருத்துவது வேறொன்று. அதைச் சொல்லுமுன் மொழியைப் பற்றிச் சிறிது பேச அனுமதி தாருங்கள். அயல்மொழி வழங்கும் மண்ணில் வாழும் நமக்கு அது உரிய பொருளே ஆகும்.

தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை. உடன்பிறந்தார்க்கிடையில் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. மலையாளச் செய்தித்தாள்கள் இந்நோயை 'அர்புதம்' என்று எழுதுகின்றன. நம் காதுக்கு அது 'அற்புதம்' என்றே கேட்கிறது. தென்காசிப் பக்கத்து முதியவர் ஒருவர் என் கவுண்டரில் நின்று, "தம்பி, இந்த ஊர்லே அற்புதத்துக்குன்னே தனி ஆஸ்பத்திரி இருக்காமே, அதுக்கு எந்தப் பஸ்?" என்று கேட்டார். அவருக்கு நான் உண்மைப் பொருளைச் சொல்லவில்லை; பஸ் எண்ணை மட்டும் சொன்னேன். இன்னொரு பெண்மணி, செவிலி தம்மைத் திட்டிவிட்டதாகக் கண்கலங்கினார். செவிலி சொன்னது 'விஷமிக்கண்டா' என்பது. 'வருந்தவேண்டாம்' என்பது அதன் பொருள். நம் அம்மையாருக்கோ, 'விஷமம் செய்யாதே' என்று குழந்தையை அதட்டுவது போலக் கேட்டிருக்கிறது.

இவை சிரித்து மறக்கத் தக்கவை. மறக்க முடியாத சொல் ஒன்று உண்டு. மலையாளத்தில் உடம்பின் வலிக்கு 'வேதன' என்றே பெயர். நம் ஊர்ப் பேச்சில் உடம்பில் உள்ளது வலி அல்லது நோவு. மனத்தில் உள்ளதுதான் வேதனை.

சிகிச்சை முடிந்த மறு ஆண்டில், மறுபரிசோதனைக்குத் தமக்கையாரை அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளைஞர், அன்பானவர். அவர் தலை நிமிர்ந்து, "வேதன உண்டோ?" என்று கேட்டார். தமக்கையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கண்ணில் நீர் பெருக, "உண்டுய்யா" என்றார். "எவிடே?" என்றார் மருத்துவர். தமக்கையார் தம் மார்பில் கை வைத்தார். அறுவை நடந்த பக்கமும் அதுவே. மருத்துவர் தழும்பைப் பரிசோதிக்க எழுந்தார்.

தமக்கையார் சொன்னது தழும்பைப் பற்றியதன்று என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரந்தான் அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்து போயிருந்தது. 'தாய்க்கு இருக்கிறது, நாளை மகளுக்கும் வரும்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மார்புப் புற்றுகளில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவன அல்ல என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே எவருமில்லை. அந்த வேதனையைத்தான் என் தமக்கையார் சுட்டிக் காட்டினார். நான் என்ன செய்தேன்? பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. எனக்கு மாலைப் பணிக்கு நேரமாயிற்று. "ஒண்ணுமில்ல டாக்டர், வலி இல்ல" என்று அவருக்காக நானே பதில் சொல்லி முடித்துவிட்டேன். மருத்துவர் சீட்டில் 'வலி இல்லை' என்று குறித்துக்கொண்டார். வெளியே வந்த பின்பு தமக்கையார் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அதன் பின் பல முறை, மருத்துவர் எது கேட்டாலும், "தம்பியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாளா இருந்துவிட்டார். அவர் வாயை நான் அடைத்துவிட்டேன்.

நீண்டகால நோயாளியின் வாழ்வு எப்படி இருக்கிறது என்பதை, அதன் பிறகுதான் அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்கத் தொடங்கினேன். அவர் சொன்னவற்றுள் சில:

மருந்தேற்றிய காலத்தில் சோறு இரும்பை நக்குவது போல இருந்ததாம். தலைமயிர் உதிர்ந்ததைவிட, வளர்ந்த பின்பு "உனக்கு நோயே இல்லை போல இருக்கே" என்று பிறர் சொன்னது மிகவும் உறுத்தியதாம். அக்குளிலிருந்த நெரிகளை அகற்றியதால் ஒரு கை வீங்கிக்கொண்டே இருக்கிறது. அக்கையால் குடம் தூக்கலாகாது, மாவாட்டலாகாது. "வேலை செய்யாதே" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வேலை செய்யாத மனிதராக வீட்டில் எப்படி இருப்பது என்று எவரும் சொல்லித் தரவில்லை. நாள்தோறும் ஒரு மாத்திரை. ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு கூட அதை விழுங்க வேண்டும். மறுபரிசோதனை நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் பிடிக்காது. ஒரு சிறு இருமல் வந்தாலும் 'அதுதானோ?' என்னும் அச்சம். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் மூன்று மாதம், பின்பு ஆறு மாதம், அதன் பின்பு ஓராண்டு என்று ஆயுளைத் தவணை முறையில் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்.

ஊரிலோ, உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு நின்றது. இவர் சென்ற இடத்தில் தனித் தம்ளரில் காப்பி வந்தது. புற்றுநோய் தொற்றுநோய் அன்று. உடன் உண்பதாலோ தொடுவதாலோ அது பரவாது. இதைச் சொன்னால் தலையசைப்பார்கள், தம்ளரை மாற்றமாட்டார்கள். "நோவு எனக்குக் கொஞ்சந்தான் தம்பி, அந்தத் தம்ளர்தான் பெருசா நோவுது" என்றார் தமக்கையார்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் பயணிகள் இரயில்கள் நின்றன. மாநில எல்லைகள் அடைபட்டன. தமக்கையாரின் மறுபரிசோதனை தள்ளிப்போயிற்று. அவருக்கு இடுப்பெலும்பில் வலி தொடங்கியிருந்தது. அதைத் தீப்பெட்டி ஒட்டிய நாளைய முதுகு வலி என்று எண்ணியிருந்தார். அவ்வாண்டு இறுதியில் அவரை அழைத்து வந்தபோது, நோய் எலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தது. இம்முறை நான் எதையும் மறைக்கவில்லை. மருத்துவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எடுத்துச் சொன்னேன். தமக்கையார் கேட்டு முடித்து, "சரி, இனி இதோட இருக்கப் பழகிக்கணும், அவ்வளவுதானே?" என்றார்.

அப்போது வந்த வலி மனத்து வலியன்று. உண்மையான உடல் வலி. இரவில் புரண்டு படுக்க முடியாத வலி. கதிர்வீச்சால் ஓரளவு தணிந்தது. எஞ்சியதற்கு மார்ஃபின் மாத்திரை தந்தார்கள். அபினிலிருந்து எடுக்கும் மருந்து என்று கேட்டதும் அத்தான் அஞ்சினார். பழக்கமாகிவிடுமோ என்று நானும் அஞ்சினேன். புற்றுநோய் வலிக்கு, மருத்துவர் அளவறிந்து, நேரந்தவறாமல் கொடுக்கும்போது அத்தகைய அடிமைத்தனத்துக்கு அஞ்சவேண்டியதில்லை என்பதையும், மலச்சிக்கலுக்கு மட்டும் உடனே மருந்து சேர்க்க வேண்டும் என்பதையும் ஒரு செவிலியார் பொறுமையோடு விளக்கினார். மூன்றாம் இரவு தமக்கையார் உறங்கினார். அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் உறங்கினோம்.

இம்மருந்து எளிதில் கிடைப்பதற்குப் பின்னே ஒரு நெடிய போராட்டம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால், நோயாளிகளுக்கு உரிய மார்ஃபினும் நாட்டில் அருகிப் போயிற்று. 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலிதணிப்பு மருத்துவத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது கேரளமெங்கும் கிளைத்தது. 2003-ல் இத்திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' எழுந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது. 2014-ல் சட்டமும் திருத்தப்பட்டது. இன்று இம்மாநிலத்தில் ஊராட்சிகளின் செவிலியர், படுத்திருப்பவரின் வீடு தேடிச் செல்கின்றனர். தமிழ்நாட்டிலும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக இத்தகைய பணி வீட்டுக்கு வருகிறது.

இத்துறைக்கெல்லாம் முன்னோடி, இலண்டன் நகரில் 1967-ஆம் ஆண்டில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார். செவிலியாகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பணியாற்றியவர். நோயாளியின் வலி ஒன்றன்று. உடலின் வலி, மனத்தின் வலி, உறவாலும் பொருளாலும் வரும் வலி, 'எனக்கு ஏன் இது?' என்று ஆன்மா கேட்கும் வலி ஆகிய நான்கும் கூடியதே முழு வலி என்பது அவர் கண்ட உண்மை. இதை நான் அறிந்தபோது எனக்கு அந்த மருத்துவமனை அறை நினைவுக்கு வந்தது. மலையாள மருத்துவர் கேட்ட 'வேதன' ஒரு பாதி. என் தமக்கையார் விடையளித்த வேதனை மறுபாதி. இரண்டு மொழிகளும் சேர்ந்தால்தான் கேள்வி முழுமையாகிறது. நடுவில் நின்று சேர்க்க வேண்டிய நான் பிரித்துவிட்டேன்.

பெரியோர்களே! அந்த இடத்தில்தான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது என்று கருதுகிறேன். இரு மொழியும் அறிந்தவர்கள் நாம். சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசுவதற்கும் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதுவதற்கும் பயன்படும் அந்த அறிவு, அயலூரிலிருந்து வந்து திகைத்து நிற்கும் ஒரு தாய்க்கும் பயன்படட்டும். ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, வாரத்தில் ஒரு முற்பகல் மருத்துவமனையின் இசைவு பெற்று, நம் உறுப்பினரில் இருவர் அங்கே சென்று தமிழ் நோயாளருக்கு மொழித்துணையாக இருக்க வேண்டும். அப்படிச் செல்பவர் எனக்கு நேர்ந்த பிழையைச் செய்யலாகாது. நோயாளி சொன்னதை முழுமையாகச் சொல்லவேண்டும். அவருக்காகப் பதில் சொல்லக்கூடாது.

இரண்டாவது, இரயில் சலுகை, அரசுக் காப்பீடு முதலிய படிவங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இப்பணியை நானே ஏற்கிறேன். என்னைப் போல் ஒருவரும் படிவத்தைச் சட்டைப் பையில் மறைத்து வைத்தல் வேண்டா.

மூன்றாவது, பணமோ படிப்போ வேண்டாதது. உங்கள் தெருவிலோ உறவிலோ நெடுநாள் நோயாளி எவரேனும் இருந்தால், அவர் நோயுற்ற முதல் வாரம் சென்றதோடு நில்லாமல், ஏழாம் ஆண்டிலும் சென்று பாருங்கள். ஆப்பிள் பழம் வேண்டியதில்லை. 'தைரியமாக இருங்கள்' என்று உபதேசம் வேண்டியதில்லை. அவர் தைரியத்தில் பாதி நமக்கு இராது. 'இன்னாருக்கும் இதே நோய், பாவம், போய்விட்டார்' என்னும் வரலாறு அறவே வேண்டியதில்லை. அவர் வீட்டுத் தம்ளரில் காப்பி வாங்கிக் குடியுங்கள். ஊர்ச் செய்தி பேசுங்கள். அவரால் இயன்ற ஒரு சிறு வேலையை அவரிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு, நேரமிருந்தால், கேளுங்கள்: "வேதனை உண்டோ?" என்று. கேட்ட பின்பு, பதில் வரும் வரை காத்திருங்கள்.

என் தமக்கையார் இன்றும் இருக்கிறார். நோயும் இருக்கிறது. மகளுக்கு நல்ல இடத்தில் மணமாகி, பேரன் பிறந்திருக்கிறான். வீங்கிய கையை ஒதுக்கிவிட்டு, மற்றொரு கையால் அவனைத் தட்டித் தூங்கச் செய்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனந்தபுரி விரைவு இரயிலில் வருகிறார். சலுகைப் படிவத்தை இப்போது அவரே பையில் வைத்திருக்கிறார். மடிக்காமல், எழுத்து தெரியும்படி நீட்டுகிறார். "துணை உண்டா?" என்று கவுண்டரில் யாரேனும் கேட்டால், "உண்டு" என்கிறார். சென்ற முறை துணையாக வந்தவர், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற பக்கத்து ஊர்ப் பெண்மணி. இருவரும் பயணம் முழுவதும் பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசி வந்தார்களாம்.

அத்தகைய துணை எல்லாருக்கும் வாய்க்க வேண்டும். வாய்க்காதவர்களுக்கு இச்சங்கம் துணையாக வேண்டும்.